கஜா புயல் 2005-ல வந்ததா? மார்க்டவுன் குறிப்பை வெப் பேஜா மாத்தறவங்களுக்கு

கேள்வி: நாகப்பட்டினம் பக்கத்துல இருந்து எழுதறேன். பாரம்பரிய நெல் ரகங்களைப் பத்தி ஒரு 40 குறிப்பு போன்லயே மார்க்டவுன்ல (நட்சத்திரம், கோடு மாதிரி குறி வச்சு வெறும் எழுத்தா எழுதற முறை) எழுதி வச்சிருக்கேன். ஃபைலை வேற வகையா மாத்தற பாண்டாக்ங்கற கருவியில, மார்க்டவுன்ல ஒரு வகையான ஜிஎஃப்எம்னு குடுத்து ஹெச்டிஎம்எல் வெப் பேஜா ஆக்கினேன். லேப்டாப்ல திறந்தப்ப எழுத்து நல்லாதான் தெரிஞ்சுது, சர்வர்ல ஏத்தினதும் எல்லாம் குப்பையாயிடுச்சு. வரி வரியா எழுதினது ஒரே பத்தியா ஒட்டிக்கிச்சு, சில இடத்துல நட்சத்திரக் குறி அப்படியே நிக்குது. வருஷம் கூட மாறியிருக்குங்க. எல்லாத்தையும் திருப்பி டைப் பண்ணணுமா?

பதில்: வேண்டாங்க, ஒண்ணையும் திருப்பி டைப் பண்ண வேண்டாம். ஆனா நீங்க கடைசியா போறபோக்குல சொன்னீங்களே வருஷம் மாறியிருக்குன்னு, அதைத்தான் நான் முதல்ல எடுத்துக்கறேன், ஏன்னா எழுத்து குப்பையா தெரிஞ்சா யாரும் பாத்தவுடனே சொல்லிடுவாங்க, வருஷம் மாறினா படிக்கறவங்க அதை உண்மைன்னு நம்பிட்டுப் போயிடுவாங்க. நீங்க அனுப்பின ஃபைல்ல இப்படி இருக்கு:

2004. சுனாமி, வயலுக்குள்ள உப்புத் தண்ணி
2018. கஜா, தென்னை எல்லாம் சாஞ்சுது
2020. நிவர், வயல்ல தண்ணி நின்னுது

பேஜ்ல வந்தது இது:

2004. சுனாமி, வயலுக்குள்ள உப்புத் தண்ணி
2005. கஜா, தென்னை எல்லாம் சாஞ்சுது
2006. நிவர், வயல்ல தண்ணி நின்னுது

மார்க்டவுன்ல ஒரு வரி நம்பர்ல ஆரம்பிச்சு புள்ளி வச்சு ஒரு ஸ்பேஸ் விட்டா அது நம்பர் போட்ட லிஸ்ட். அந்த லிஸ்ட்ல முதல் நம்பரை மட்டும்தான் கணக்குல எடுத்துக்கும், அடுத்து நீங்க என்ன நம்பர் போட்டாலும் கண்டுக்காது, ஒண்ணு ஒண்ணா கூட்டிக்கிட்டே போகும். இது ஒரு வசதிக்காக வச்ச விதி, நடுவுல ஒரு ஐட்டம் சேத்தா கீழ இருக்கற நம்பரை எல்லாம் திருத்த வேண்டாம்ல. ஆனா வருஷம் போட்டு எழுதறவங்களுக்கு இது பெரிய குழி. வேற சில கன்வெர்ட்டர்ல 2004-ஐயே தூக்கிட்டு 1, 2, 3-னு போட்டுடும், அது ஒரு வகையில நல்லது, உடனே கண்ணுல படும். உங்களுக்கு வந்தது மாதிரி 2005, 2006-னு வந்தா ரொம்ப ஆபத்து, பாக்க நிஜ வருஷம் மாதிரியே இருக்கு பாருங்க.

இதுக்கு ஒண்ணு, புள்ளிக்கு முன்னாடி ஒரு பேக்ஸ்லாஷ் போடுங்க, 2018\. அப்படின்னு, அப்ப அது வெறும் புள்ளிதான், லிஸ்ட் கிடையாது. இல்லைன்னா புள்ளியை விட்டுட்டு 2018: னு கோலன் வச்சுடுங்க. நான் கோலன்தான் வைப்பேன், படிக்கவும் சுத்தமா இருக்கும். 40 ஃபைலையும் கண்ணால தேட வேண்டாம், விஎஸ் கோட் மாதிரி எடிட்டர்ல ஃபோல்டரைத் திறந்து ரெகுலர் எக்ஸ்பிரஷன் (குறி வச்சு ஒரே மாதிரி இருக்கறதை எல்லாம் தேடற வசதி) பட்டனை அமுக்கிட்டு இதைத் தேடுங்க:

^[0-9]+\.

நம்பர்ல ஆரம்பிக்கற எல்லா வரியும் வந்துடும், எது நிஜமான லிஸ்ட், எது வருஷம்னு நீங்களே பாத்து மாத்திடலாம்.

இதே மாதிரி சத்தமில்லாம மாத்தற இன்னொண்ணு உங்க ஃபைல்ல இருக்கு, நீங்க கவனிக்கல. நடவு இடைவெளியை இப்படி எழுதியிருக்கீங்க:

சாதா நடவுக்கு 20*15 செ.மீ, ஒற்றை நாற்று நடவுக்கு 25*25 செ.மீ

பேஜ்ல அது "2015 செ.மீ", "2525 செ.மீ"னு நிக்குது! ரெண்டு நட்சத்திரமும் ஒரே பத்தியில வர்றதால முதல் நட்சத்திரம் திறக்கற குறி, ரெண்டாவது மூடற குறின்னு எடுத்துக்கிட்டு, நடுவுல இருக்கறதை எல்லாம் சாய்வெழுத்தாக்கிட்டு நட்சத்திரத்தை முழுங்கிடுச்சு. ஒரு பத்தியில ஒரே ஒரு தடவைதான் 20*15 வந்திருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது, அதனாலதான் சில ஃபைல்ல சரியாவும் சில ஃபைல்ல தப்பாவும் இருக்கு. [0-9]\*[0-9] னு தேடி, நட்சத்திரத்துக்குப் பதிலா நிஜமான பெருக்கல் குறியை × போட்டுடுங்க. இந்தக் குறிப்பை நம்பி ஒருத்தர் கயிறு பிடிச்சு நடவு நடுவார், அதனால இந்த ரெண்டையும் முடிச்சுட்டுதான் மத்ததுக்குப் போகணும்னு கேட்டுக்கறேன்.

மார்க்டவுனை 2004-ல ஜான் க்ரூபர்ங்கறவர் வெளியிட்டார், ஆரோன் ஸ்வார்ட்ஸ் கூட சேந்து யோசிச்சுக் குடுத்தவர். மாத்தறதுக்கு முன்னாடி வெறும் எழுத்தா இருக்கும்போதே அது படிக்க சுகமா இருக்கணும்ங்கறதுதான் க்ரூபரோட அடிப்படை எண்ணம். ஈமெயில்ல ஜனங்க எப்படி அழுத்திச் சொல்றதுக்கு நட்சத்திரம் வைப்பாங்களோ, லிஸ்ட்டுக்கு கோடு போடுவாங்களோ அதையே விதியாக்கினார். ஆனா விதியை அவர் எல்லா மூலை முடுக்குக்கும் எழுதி வைக்கல, அதனால ஆளாளுக்கு எழுதின கன்வெர்ட்டர் ஆளாளுக்கு ஒரு மாதிரி நடந்துக்கிச்சு. 2014-ல காமன்மார்க்னு ஒரு கறாரான விதித்தொகுப்பு வந்துச்சு, அதுல முக்கியமா உழைச்சவர் ஜான் மேக்ஃபார்லேன், பாண்டாக்கை எழுதினதும் இவர்தான், வேலை பாக்கறது பெர்க்லியில தத்துவப் பேராசிரியரா. நீங்க குடுத்த ஜிஎஃப்எம், கிட்ஹப் அந்தக் காமன்மார்க் மேல டேபிள், குறுக்க கோடு போட்டு அடிச்ச எழுத்து மாதிரி சிலதைச் சேத்து வச்சிருக்கற வகை. போன் ஆப்ல ஒரு மாதிரியும் பாண்டாக்ல ஒரு மாதிரியும் தெரியறதுக்கு இந்த வகை வித்தியாசம்தான் காரணம்.

இப்ப வரி ஒட்டிக்கறது. மார்க்டவுன்ல ஒரு தடவை என்டர் தட்டினா அது வெறும் ஸ்பேஸ் மாதிரிதான், ரெண்டு தடவை தட்டி நடுவுல ஒரு வெத்து வரி விட்டாதான் புதுப் பத்தி. உங்க குறிப்பு ஒவ்வொண்ணும் ரகம், வயது, மண், வைக்கோல்னு கீழ கீழ எழுதினது, அதான் எல்லாம் ஒரே கஞ்சியா கலந்துடுச்சு. வரி முடிவுல ரெண்டு ஸ்பேஸ் விட்டா வரி உடையும்னு எல்லாரும் சொல்லித் தருவாங்க, ஆனா நீங்க போன்ல எழுதறீங்க, போன் கீபோர்டு நிறைய ரெண்டு ஸ்பேஸ் தட்டினா முற்றுப்புள்ளியா மாத்திடும், அதோட வரிக் கடைசியில இருக்கற ஸ்பேஸ் கண்ணுக்கே தெரியாது. வரி முடிவுல ஒரு பேக்ஸ்லாஷ் வச்சாலும் உடையும், அது கண்ணுக்குத் தெரியற குறி. ஆனா 40 ஃபைல்ல ஒவ்வொரு வரிக்கும் யாரு வைக்கறது? பாண்டாக் கமாண்ட்ல ஜிஎஃப்எம்னு குடுக்கறீங்கல்ல, அதை ஒட்டி ஒரு பிளஸ் குறி போட்டு ஹார்டு, லைன், பிரேக்ஸ்ங்கற மூணு இங்கிலீஷ் வார்த்தையை அண்டர்ஸ்கோர் வச்சு சேத்து எழுதுங்க. அப்புறம் நீங்க என்டர் தட்டின இடமெல்லாம் வரி உடையும். போன்ல எழுதினவங்களுக்கு இது பொருந்தும், ஏன்னா பத்தி நடுவுல யாரும் கையால என்டர் தட்டியிருக்க மாட்டீங்க.

ஆனா உங்க விஷயத்துக்கு இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு, ரகம் - வயது மாதிரி தகவலை டேபிளாவே வச்சுடுங்க:

| ரகம் | வயது |
|---|---|
| மாப்பிள்ளைச் சம்பா | 160 நாள் |
| அறுபதாம் குறுவை | 60 நாள் |

தலைப்பு வரிக்குக் கீழ அந்தக் கோடு வரி கட்டாயம் வேணும், தலைப்புல எத்தனை கட்டமோ கோட்டுலயும் அத்தனை கட்டம் இருக்கணும், ஒண்ணு குறைஞ்சாலும் டேபிளே வராது, வெறும் குத்துக்கோடா நிக்கும்.

அடுத்தது நட்சத்திரம் அப்படியே நிக்கறது. இதுல ரெண்டு காரணம் இருக்கு உங்க ஃபைல்ல. ஒண்ணு சாதாரணமானது, ** கருப்பு கவுனி ** னு நட்சத்திரத்துக்கு உள்பக்கம் ஸ்பேஸ் விட்டிருக்கீங்க, அது செல்லாது, ஒட்டித்தான் வைக்கணும். அப்புறம் வாட்ஸப் பழக்கத்துல சில இடத்துல ஒத்தை நட்சத்திரம் வச்சிருக்கீங்க, வாட்ஸப்ல ஒண்ணு வச்சா தடிமன், மார்க்டவுன்ல ஒண்ணு வச்சா சாய்வு, ரெண்டு வச்சாதான் தடிமன்.

ரெண்டாவது காரணம் நம்ம மொழிக்கே உரியது, இதைக் கொஞ்சம் நிதானமா பாருங்க. இப்படி எழுதியிருக்கீங்க:

**"குழியடிச்சான்"**ங்கற ரகம் உப்பைத் தாங்கும்

கண்ணுக்கு ஒரு தப்பும் இல்ல, ஆனா பேஜ்ல நாலு நட்சத்திரமும் அப்படியே நிக்குது. காமன்மார்க் ஒரு நட்சத்திரம் திறக்கறதா மூடறதான்னு முடிவு பண்ண அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கற ஒரே ஒரு எழுத்தைப் பாக்கும். முன்னாடி மேற்கோள் குறியோ அடைப்புக்குறியோ மாதிரி நிறுத்தக்குறி இருந்து, பின்னாடி இடமே விடாம எழுத்து வந்தா அது மூடற நட்சத்திரம் இல்லைன்னு முடிவு பண்ணிடும். இங்கிலீஷ்ல ஒரு வார்த்தையை மேற்கோள்ல போட்டா அடுத்து பெரும்பாலும் ஸ்பேஸ்தான் வரும், அதனால அவங்களுக்கு இது அவ்வளவா இடிக்காது. நாம விகுதியை ஒட்டித்தான் எழுதுவோம், ங்கற, யை, வும், லேருந்துன்னு. ஸ்பேஸ் விட்டு எழுதினா தமிழ் கெட்டுடும், அதனால ஸ்பேஸ் விடாதீங்க, நட்சத்திரத்தை மேற்கோளுக்கு உள்ள தள்ளுங்க:

"**குழியடிச்சான்**"ங்கற ரகம் உப்பைத் தாங்கும்

இப்ப மூடற நட்சத்திரத்துக்கு முன்னாடி ன் இருக்கு, பின்னாடி மேற்கோள், பிரச்சனை தீந்துது. மேற்கோளே வேண்டாம்னா **குழியடிச்சான்**ங்கற னு விட்டாலும் சரியா வரும். தடிமனுக்கு நட்சத்திரத்தையே வச்சுக்கங்க, அண்டர்ஸ்கோர் வைக்காதீங்க, வார்த்தை நடுவுல அண்டர்ஸ்கோர் வந்தா அதைக் குறியா எடுத்துக்காது, விகுதி ஒட்டி வர்ற நம்ம மொழிக்கு அது ஒத்தே வராது. இன்னொண்ணு, கடலை, நெல்லை மாதிரி வார்த்தையில பாதியை மட்டும் தடிமனாக்கப் பாக்காதீங்க, எழுத்துக்கும் அதோட ஒட்டின ஐகாரக் குறிக்கும் நடுவுல நட்சத்திரம் போனா எழுத்து உடைஞ்சு புள்ளி வட்டம் வந்துடும். முழு வார்த்தையா பண்ணிடுங்க.

சர்வர்ல எழுத்து குப்பையானது பாக்க பயமா இருந்தாலும் சின்ன விஷயம். தலையில கோடு போட்ட இங்கிலீஷ் ஏ, அடுத்து ட்ரேட்மார்க்ல வர்ற வட்டத்துக்குள்ள ஆர், இப்படியே திரும்பத் திரும்ப வருதுல்ல? யூடிஎஃப்-8ங்கற எழுத்து சேமிக்கற முறையில ஒரு தமிழ் எழுத்துக்குறிக்கு 3 பைட், பிரவுசருக்கு இது யூடிஎஃப்-8னு யாரும் சொல்லாததால அது ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தா காட்டுது. உங்க லேப்டாப்ல ஃபைலா திறக்கும்போது பிரவுசர் தானா ஊகிச்சுக்கிச்சு, சர்வர்ல இருந்து வரும்போது அப்படி ஊகிக்கல. பாண்டாக் சும்மா ஓட்டினா உள்ளடக்கத்தை மட்டும்தான் தரும், பேஜைப் பத்தின விவரம் இருக்கற ஹெட் பகுதியே இருக்காது. கமாண்ட்ல ஹைஃபன் போட்டு எஸ் சேருங்க, ஸ்டாண்டலோன்னு அர்த்தம், முழுப் பேஜா வரும், எழுத்து வகை யூடிஎஃப்-8ங்கற வரியும் உள்ள வந்துடும். அப்படியே மெட்டாடேட்டாவுல டைட்டிலும், மொழி டிஏன்னும் குடுத்துடுங்க, டைட்டில் குடுக்கலைன்னா ஃபைல் பேரையே தலைப்பா போட்டுக்கும். மொழி குடுத்தா பார்வை இல்லாதவங்க பயன்படுத்தற ஸ்கிரீன் ரீடர் இது தமிழ்னு தெரிஞ்சு தமிழ்க் குரல்ல படிக்கப் பாக்கும்.

நீங்க கேக்காத ஒண்ணு, ஆனா உங்க பேஜைப் பாத்ததும் மனசுல பட்டது. சாய்வெழுத்து தமிழுக்கு அவ்வளவா பழக்கமில்ல, பெரும்பாலான தமிழ் ஃபான்ட்ல சாய்வுன்னு தனியா வரைஞ்சிருக்க மாட்டாங்க, பிரவுசரே நேர் எழுத்தைப் புடிச்சு சாய்ச்சுக் காட்டும், சுழி எல்லாம் நசுங்கின மாதிரி தெரியும். பேஜோட தோற்றத்தைச் சொல்ற சிஎஸ்எஸ்ல, சாய்வெழுத்துக்கு வர்ற ஈஎம் டேக்குக்கு சாய்வை எடுத்துட்டு வேற கலரோ கொஞ்சம் தடிமனோ குடுங்க. வரி இடைவெளியையும் 1.7 கிட்ட வச்சுப் பாருங்க, நம்ம எழுத்துல மேலயும் கீழயும் கொம்பும் சுழியும் இருக்கறதால இங்கிலீஷுக்கு வச்ச அளவு நெருக்கமா இருக்கும்.

எல்லாம் மாத்தினதும் 40-ஐயும் ஒரேடியா ஏத்தாதீங்க. வருஷம் இருக்கற ஒண்ணு, டேபிள் இருக்கற ஒண்ணு, மேற்கோள் அதிகம் இருக்கற ஒண்ணுன்னு மூணு ஃபைலை மட்டும் கன்வெர்ட் பண்ணி, பிரவுசர்ல கண்ட்ரோல் எஃப் தட்டி நட்சத்திரத்தையும் குத்துக்கோட்டையும் தேடுங்க, ஏதாவது மாட்டினா அந்த இடத்துல இன்னும் குறி சேரலைன்னு அர்த்தம். நம்பருக்கு மட்டும் இந்தத் தேடல் உதவாது, நட்சத்திரத்தை முழுங்கிட்டுத்தானே 2015 வந்துச்சு, அதனால நம்பர் இருக்கற ஒவ்வொரு வரியையும் பழைய ஃபைலைப் பக்கத்துல வச்சு ஒரு தடவை கண்ணால ஒப்பிட்டுடுங்க. மூணும் சரியா வந்துட்டா மீதியை அதே கமாண்ட்ல ஓட்டிடலாம், அப்பவும் எங்கயாவது இடிச்சா அந்த ஒரு வரியை மட்டும் முன்னாடி பின்னாடி இருக்கற ஸ்பேஸோட அப்படியே காப்பி பண்ணி அனுப்புங்க, பாத்துச் சொல்றேன்.