லேப்டாப்ல ஓடுற காத்து நெசமா, டூப்பா?

கேள்வி: அண்ணே, என் மகன் யூனிவர்சிட்டில கடைசி வருஷம். சிங்கப்பூர்ல எங்க ஈசூன் அடுக்குமாடி புளோக்கைச் சுத்தி காத்து எப்படிப் போகுதுன்னு லேப்டாப்ல சிமுலேஷன் போட்டு கலர் கலரா காட்டுறான். ஆனா அவனே "இது நெசக் காத்து இல்லம்மா, கே-எப்சிலான்னு ஒரு மாடல், தோராயந்தான்"னு சொல்றான். அப்புறம் எதுக்கு இந்தப் படம்? இதுக்கு மார்க் குடுப்பாங்களா? – ஈசூன் வாசகி

பதில்: குடுப்பாங்கக்கா, கவலைய விடுங்க. தோராயம்னு அவனே வாயத் தொறந்து சொல்றான் பாருங்க, நெறைய பேரு அதைச் சொல்லாமலே கலர் படத்தைக் காட்டிட்டுப் போயிருவாங்க.

காத்து எப்படி ஓடும்னு சொல்ற நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடு 19ஆம் நூற்றாண்டுலயே வந்திருச்சு, முழுசா கணக்குப் போடத்தான் கட்டுப்படியாகல. கட்டடத்துல மோதுனதும் பெரிய சுழல் உடைஞ்சு சின்னதாகி, அதுவும் உடைஞ்சு இன்னும் பொடியாகி, கடைசில காத்தோட பிசுபிசுப்புல கரைஞ்சு வெப்பமாயிரும். 50 மீட்டர் உயர புளோக், செகண்டுக்கு 2 மீட்டர் காத்துன்னு வச்சா ரெனால்ட்ஸ் எண் (காத்து எவ்வளவு கலங்கி ஓடும்னு காட்டுற அளவு) 60 லட்சத்தைத் தாண்டிரும், ஆகப் பொடிச் சுழல் அரை மில்லிமீட்டர் கூட தேறாது. அத்தனையும் பிடிக்கணும்னா காத்து இருக்கிற எடத்தைப் பொடிக் கட்டமாப் பிரிச்சு சுமார் 20 கோடி கோடி புள்ளில கணக்குப் போடணும், அதையும் துளித்துளி நேரத்துக்கு ஒருக்கா திரும்பத் திரும்பப் போடணும். சூப்பர் கம்ப்யூட்டரே கையத் தூக்கிரும், லேப்டாப் எம்மாத்திரம்.

அதனாலதான் குறுக்கு வழி. 1970கள்ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல லாண்டர், ஸ்பால்டிங் இவங்கல்லாம் கே-எப்சிலானைப் புழக்கத்துக்குக் கொண்டாந்தாங்க. கோப்பிக்கடையில தே தாரிக் (இழுத்து ஆத்துற பால் டீ) இழுக்கறப்போ எந்த நுரை எங்க போச்சுன்னா பாக்குறோம், சீனி கலந்துச்சா, சூடு ஆறுச்சா, அவ்வளவுதானே. இதுவும் அப்படித்தான், சுழல் ஒவ்வொண்ணு பின்னாடியும் ஓடாது, எல்லாம் சேந்து எவ்வளவு கலக்குதுன்னு மட்டும் பாக்கும். கே-ங்கிறது சுழல்ல இருக்கிற சக்தி, எப்சிலான் அது கரையுற வேகம். உள்ள 0.09, 1.44, 1.92ன்னு சில எண் இருக்கும், அதெல்லாம் எந்தத் தத்துவத்துலயும் பிறக்கல, சோதனையோட ஒத்துப்போகட்டும்னு பொருத்தினது. எனக்கு இதுல ஒண்ணும் தப்பாத் தெரியல, எங்க சறுக்கும்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா சரி.

சறுக்குற எடமும் ஊரறிஞ்சதுதான். காத்து நேரா மோதுற முன்மூலையில கலக்கத்தை அளவுக்கு மீறி காட்டும், அதனால மொட்டைமாடி ஓரத்துல காத்து பிரிஞ்சு திரும்பிச் சுழல்றதைக் கோட்டை விட்டுரும், புளோக்குக்குப் பின்னாடி காத்து மந்தமா கிடக்குற பகுதியை நெசத்தைவிட நீளமா காட்டும். அதோட இது சராசரிக் காத்து. வடகிழக்குப் பருவக்காத்துல புளோக்குக்கு அடியில தெறந்து கிடக்குற வாய்ட் டெக்ல உக்காந்தா சில்லுனு இருக்குமான்னு கேட்டா உருப்படியா பதில் சொல்லும், வெடியக்காலம் சுமத்ரா ஸ்குவால்ங்கிற சூறைக்காத்து வந்து காயப்போட்ட துணியை எல்லாம் பிச்சுக்கிட்டுப் போகுதே, அந்த திடீர் வீச்சைக் கேட்டா முழிக்கும்.

அதுக்கு எல்இஎஸ்னு (லார்ஜ் எடி சிமுலேஷன்) வேற முறை, வானிலைக்காரர் ஸ்மகோரின்ஸ்கி 1963ல போட்ட அடித்தளம், பெரிய சுழலை நெசமாவே கணக்குப் போட்டு பொடிசுக்கு மட்டும் மாடல் வைக்கும். 1970ல டியர்டார்ஃப் வெறும் 6,720 புள்ளில இதை ஓட்டிக் காட்டினாரு, இன்னைக்கு அது ஒரு போனுக்கே தூசு!

மகன்கிட்ட ஒண்ணு சொல்லுங்க. ஈசூன் புளோக்கை அப்படியே வச்சுட்டு, ஜப்பான் கட்டடக்கலைக் கழகம் காத்துச் சுரங்கத்துல (மாதிரிக் கட்டடத்து மேல காத்தை ஊதிப் பாக்குற சோதனைக் கூடம்) அளந்து எல்லாருக்கும் குடுத்திருக்கிற ஒத்தைக் கட்டடக் கணக்கை அதே மாடல்ல மொதல்ல ஓட்டட்டும். எங்க ஒத்துப்போச்சு, எங்க போகலன்னு ரிப்போர்ட்ல ஒரு பக்கம் எழுதட்டும். அப்புறம் கணக்குப் போடுற கட்டத்தோட அளவைப் பாதியாக்கி இன்னொரு தடவை ஓட்டி, பதில் மாறுதான்னு பாக்கட்டும், மாறுச்சுன்னா மொதப் படத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். கே-எப்சிலானுக்கு லேப்டாப் போதும், ராத்திரி ஓடவிட்டுத் தூங்கலாம். எல்இஎஸ் ஆசை வந்தா யூனிவர்சிட்டி கிளஸ்டர்ல (பல கம்ப்யூட்டரைச் சேத்து வச்சிருக்கிற தொகுப்பு) எடம் கேக்கச் சொல்லுங்க, அதுக்கு வரிசை இருக்கும், இப்பவே எழுதிப் போடட்டும்.