எல்லா அரசு சேவையும் ஆன்லைனில் வந்தபின் மக்களுக்கு என்ன வேலை இருக்கும்?

நிறைய இருக்கிறது. பட்டா, சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம்; வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம் போதும். தாலுகா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்றவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் இது பாதிதான்; மீதிப் பாதி மக்கள் கையில் இருக்கிறது.

எங்கள் தெருச் சாக்கடை அடைப்புக்குப் புகார் கொடுத்தோம். 'தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வந்த அன்றும் கழிவுநீர் வாசலில் நின்றது. புகாரை முடித்துவைக்கும் அதிகாரம் புகார் கொடுத்தவரிடம் இருக்க வேண்டும் என்பேன். அடுத்த மாற்றம் அங்கேதான் வரவேண்டும்.

மதுரைப் பக்கத்துக் கண்மாய்களை யோசித்துப் பாருங்கள். வரத்துக்கால் எங்கே தூர்ந்திருக்கிறது, எந்த மடை ஒழுகுகிறது என்பது அந்தத் தண்ணீரில் பயிரிடும் ஆயக்கட்டுக்காரருக்குத்தான் அத்துபடி. முன்பு குடிமராமத்தில் ஊரே கூடிச் சரிசெய்தது. இன்று ஆயக்கட்டுக்காரர் எடுக்கும் போட்டோவும், அந்த வேலைக்கு ஒதுக்கிய தொகையும், செலவுக் கணக்கும் ஒரே வரைபடத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தால் கணக்கில் மட்டும் தூர்வார முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, நான்காம் பிரிவிலேயே அரசு தானாக வெளியிட வேண்டியவற்றைச் சொல்லிவிட்டது.

ஊரில் கிராம சபை இருக்கிறது; மதுரை மாநகராட்சியின் 100 வார்டுகளில், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை இருக்கிறது. செல்போன் பழகாத அப்பத்தா அங்கே எழுந்து பேசுவதும் அதே வரைபடத்தில் பதிவாக வேண்டும்.