ஊட்டி இ-பாஸுக்கு யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மே மாதம் குடும்பத்தோடு ஊட்டி தாவரவியல் பூங்காவுக்குப் போகிறோம். வாடகைக் கார். இ-பாஸ், கேமரா அனுமதி இரண்டையும் வாங்கித் தர டிராவல்ஸ்காரர் ஒருவர் 500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? போன முறை எடுத்த படங்களில் எல்லார் முகமும் கறுத்து, சிவப்புப் பூவெல்லாம் சாயம் அப்பின மாதிரி இருந்தது. என்ன தவறு?"

கொடுக்காதீர்கள். இ-பாஸ் என்பது ஊட்டிக்கு வண்டியில் போக இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. அது இலவசம். 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி தொடங்கியது. தமிழக அரசின் இ-பாஸ் இணையதளத்தில் செல்போன் எண், வண்டி எண், போகும் தேதி, திரும்பும் தேதி கொடுத்தால் வேலை முடிந்தது. ஆளுக்கு ஒன்று இல்லை, வண்டிக்கு ஒன்று. பாஸ் எந்த எண்ணில் இருக்கிறதோ அதே வண்டிதான் மலை ஏற வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்குத் தரகர் வேறொரு காரின் எண்ணில் பாஸ் எடுத்துக் கொடுத்துவிட்டார். கல்லாறு சோதனைச் சாவடியில், குழந்தைகளை வைத்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். காசு வாங்கியவர் போனையே எடுக்கவில்லை. அதனால் ஓட்டுநரிடம் வண்டி எண்ணை உறுதி செய்துகொண்டு நீங்களே போடுங்கள். 2025 கோடையில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று வரம்பு வைத்தார்கள். எனவே தேதி முடிவானதும் போட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டாம். மேட்டுப்பாளையம் போய், அங்கிருந்து ஊட்டி பஸ் ஏறினால் டிக்கெட் ஒன்றே போதும். மலை ரயிலுக்கும் அப்படித்தான். ஆனால் நீங்கள் வாடகைக்குப் பிடித்த வேனில் 'டூரிஸ்ட் பஸ்' என்று எழுதியிருந்தாலும் அது அரசுப் பேருந்து ஆகாது, பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிற ஏழை எளியவர்களிடமும் பாஸ் வேண்டும் என்று பயமுறுத்திக் காசு பிடுங்குகிறார்கள். பாஸ் இலவசம், அரசுப் பேருந்துக்கு பாஸே வேண்டாம் என்ற இந்த இரண்டு வரியை ஊருக்கு ஊர் பேருந்து நிலையத்தில் பலகையாக மாட்ட என்ன செலவாகிவிடும்? ஓடிபி வராமல் தவிக்கிற பெரியவர்கள் வேறு யாரிடம்தான் போவார்கள்?

கேமராவுக்கான சீட்டைப் பூங்கா வாசலிலேயே எடுக்கலாம். முன்கூட்டி யாரும் வாங்கித் தர வேண்டியதில்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று குளிர்வதால் வெயில் உறைக்காது. நாமும் பதினோரு மணிக்குச் சாவகாசமாக உள்ளே போகிறோம். உண்மையில் அங்கே வெயில் நம் தருமபுரியைவிடக் கூர்மை. மே மாத நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் நிற்கும். புருவத்தின் நிழல் கண்ணில் விழும், முகம் கறுக்கும். கேமரா மேல் குற்றமில்லை. முதல் நாளே ஊட்டியில் தங்கி, மறுநாள் பூங்கா திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். ஒன்பதரைக்குள் ஆட்களைப் படம் எடுத்து முடியுங்கள். அப்புறமும் எடுக்க வேண்டுமென்றால் மர நிழலில் நிற்க வையுங்கள். பாதி வெயில், பாதி நிழல் மட்டும் வேண்டாம்.

1848-இல் தொடங்கிய இந்தப் பூங்கா மலைச்சரிவில் படிப்படியாக அமைந்தது. அதற்குள்ளே இத்தாலியப் பூங்கா என்ற பகுதியின் பாத்திகள் கோலம் போட்ட மாதிரி இருக்கும். பாத்தி ஓரத்தில் நின்று எடுத்தால் கோலம் தெரியாது, பூக்கூட்டம்தான் தெரியும். மேல் படிக்கு ஏறி, கீழே பார்த்து எடுங்கள். பாதை படத்தின் நடுவில் நேராக வரட்டும்.

சிவப்பு சால்வியாவை எடுக்கும்போது போன் திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். இதழ் இதழாகத் தெரிய ஆரம்பிக்கும். மதியத்துக்கு மேல் கோடை மழையோ மூடுபனியோ வரலாம். மழை விட்டதும் கிளம்பிவிடாதீர்கள். மேகம் மூடிய அந்த வெளிச்சத்தில் முகத்தில் நிழலே விழாது. காலையில் விட்டுப்போனவர்களை அப்போது நிற்க வைத்து எடுக்கலாம்.