ஹீலியம் நிரப்பிய இராணுவ ஆகாயக் கப்பல்கள் ஏன் விழுந்தன?

கேள்வி: "இராணுவ ஆகாயக் கப்பல்கள் அழிந்ததற்கு ஹைட்ரஜன்தானே காரணம்? தீப்பிடிக்காத ஹீலியம் நிரப்பியிருந்தால் தப்பித்திருக்குமா?"

ஆகாயக் கப்பல் என்பது காற்றைவிட லேசான வாயுவை நிரப்பி, எஞ்சின் வைத்து ஓட்டும் பெரிய பறக்கும் கலம். அதில் ஹீலியம் நிரப்பியும் ஓட்டிப் பார்த்தார்கள். 1922-இல் அமெரிக்கத் தரைப்படையின் ரோமா என்ற ஹைட்ரஜன் கப்பல், நார்ஃபோக் நகரில் மின்கம்பியில் மோதி எரிந்ததில் 34 பேர் இறந்தார்கள். அதோடு அமெரிக்கா ஹைட்ரஜனைக் கைகழுவிவிட்டது. பிறகு அந்த நாட்டுக் கடற்படை ஹீலியம் நிரப்பி ஓட்டிய பெரிய எலும்புக்கூட்டுக் கப்பல்கள் (உள்ளே உலோகச் சட்டம் கொண்டவை) நான்கு. அவற்றில் மூன்று விழுந்தன. ஒன்றுகூட தீயில் போகவில்லை.

எல்லோருக்கும் தெரிந்த, ஹைட்ரஜன் நிரப்பிய ஜெர்மன் ஆகாயக் கப்பலான ஹிண்டன்பர்க்கின் விபத்தில் இறந்தவர்கள் 36 பேர். 1933 ஏப்ரல் 4 நள்ளிரவு தாண்டி நியூ ஜெர்சி கடலோரம் விழுந்த, அந்த நான்கில் ஒன்றான ஆக்ரானில் இறந்தவர்கள் 73 பேர், இரு மடங்குக்கும் மேல். ஹிண்டன்பர்க் விழுந்த இடத்தில் கேமரா இருந்தது, ஆக்ரான் விழுந்த இடத்தில் இருட்டும் கடலும்தான் இருந்தன. அதனாலேயே ஆக்ரானின் பெயர் யாருக்கும் நினைவில்லை என்று நினைக்கிறேன்.

என் கைக்கடிகாரம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்றும் காட்டும். கொடைக்கானலில் ஒரு நாள் விடாத மழை, அறையை விட்டு நான் நகரவே இல்லை. ஆனால் காலையில் காட்டியதைவிட சாயங்காலம் 40 மீட்டர் கூடுதலாகக் காட்டியது. கடிகாரம் கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, அது உயரத்தை நேரடியாக அளப்பதே இல்லை. காற்றழுத்தத்தை அளந்து, அதிலிருந்து உயரத்தைக் கணக்குப் போடுகிறது. மழை மேகம் வந்து அழுத்தம் இறங்கினால், நாம் மேலே ஏறிவிட்டோம் என்று அது முடிவு கட்டிவிடும்.

ஆக்ரானில் இருந்த உயரமானியும் இதே வகைதான். அன்று கப்பல் புயலுக்குள் மாட்டிக்கொண்டது. புயலுக்குள் அழுத்தம் குறைவு, ஆகவே உயரமானி உண்மையைவிடக் கூடுதலாகவே காட்டியிருக்கும். கப்பலின் நீளம் 239 மீட்டர், பத்துப் பெட்டி கோத்த ரயில் மாதிரி. ஓட்டும் அறை முன்பக்கம், வால் எங்கோ பின்னால். கப்பல் இறங்குகிறது என்று மூக்கை 20 டிகிரி தூக்கினால் போதும், மூக்குக்கும் வாலுக்கும் 80 மீட்டர் வித்தியாசம் வந்துவிடும். முன்னால் நிற்பவருக்கு இன்னும் இடம் இருப்பதாகத் தோன்றும்போதே வால் தண்ணீரில் அடித்துவிட்டது.

சரி, கடலில் விழுந்ததாலேயே எல்லோரும் சாக வேண்டுமா? கப்பலில் லைஃப் ஜாக்கெட் கிடையாது. இருந்தது ஒரே ஒரு ரப்பர் படகு. தண்ணீரோ உறைய வைக்கும் குளிர். கடலில் அந்தப் பக்கம் வந்த ஃபீபஸ் என்ற ஜெர்மன் கப்பல் நான்கு பேரைத் தூக்கியது, அதில் ஒருவர் பிழைக்கவில்லை. 76 பேரில் மிஞ்சியவர்கள் மூவர். ஆகாயக் கப்பல்களுக்காகவே வாதாடிக்கொண்டிருந்த அட்மிரல் மாஃபெட்டும் அன்று போனார். தேடப் போன ஜே-3 என்ற சிறிய ஆகாயக் கப்பலும் விழுந்து, இன்னும் இரண்டு உயிர்.

பிழைத்த மூவரில் ஒருவர் ஹெர்பர்ட் வைலி. அவரே பிறகு ஆக்ரானின் தங்கைக் கப்பலான மேக்கனுக்குத் தலைவரானார். 1935 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் பாயின்ட் சர் அருகே காற்று வேகத்தில் மேக்கனின் வால்பக்க மேல்துடுப்பு பிய்ந்துபோய் அதுவும் கடலில் விழுந்தது. அந்த இடம் ஏற்கெனவே பலவீனம் என்று தெரிந்திருந்தும் பழுது பார்த்து முடிக்கவில்லை. ஆனால் இம்முறை லைஃப் ஜாக்கெட் இருந்தது, ரப்பர் படகுகள் இருந்தன. இறந்தவர்கள் இருவர் மட்டுமே.

ஹீலியத்தால் பயனே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1925 செப்டம்பரில் ஒஹாயோவில், அந்த நான்கில் இன்னொன்றான ஷெனன்டோவாவைப் புயல்காற்று மேலே தூக்கித் துண்டு துண்டாக உடைத்தது. 14 பேர் இறந்தார்கள், 29 பேர் பிழைத்தார்கள். உடைந்த முன்துண்டில் இருந்தவர்கள் அதை ஒரு பலூனைப் போல ஓட்டி, ஹீலியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றித் தரையிறங்கினார்கள். உள்ளே ஹைட்ரஜன் இருந்திருந்தால் அந்த 29-ஐ நான் நம்பமாட்டேன்.

நான்காவது கப்பல் லாஸ் ஏஞ்சல்ஸ். 1927-இல் லேக்ஹர்ஸ்ட் என்ற இடத்தில், ஆகாயக் கப்பல்களைக் கட்டி நிறுத்தும் கோபுரத்தில் மூக்கு கட்டப்பட்டு நின்றபோது குளிர்ந்த கடற்காற்று வந்து வாலைத் தூக்கியது. உள்ளே இருந்தவர்கள் எடை கூட்டலாம் என்று வாலை நோக்கி ஏறிப் பார்த்தார்கள், முடியவில்லை. கிட்டத்தட்டச் செங்குத்தாகத் தலைகீழாக நின்று, அப்படியே சுழன்று மறுபக்கம் இறங்கியது. புகைப்படம் இருக்கிறது, பார்த்தால் ஒட்டுவேலை என்றே தோன்றும். யாருக்கும் பெரிய காயமில்லை. மறுநாளே பறக்கத் தயாராகிவிட்டது.