மீட்புப் பணத்தை அவசரப்பட்டு எண்ணிக் கொடுக்காதீர்கள்

கேள்வி (யூதாவிலிருந்து ஒரு தகப்பன், கி.மு. 5ஆம் நூற்றாண்டு): பாரசீக ராஜாவின் வரிக்குக் கடன்பட்டு, மகளைப் பணிப்பெண்ணாக விற்றேன். எஜமான் அவளைத் தன் மகனுக்கென்று நியமித்தார். இப்போது அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். மாமியார் ஏசுகிறாள், பார்க்கப் போனால் என்னையும் மதிப்பதில்லை. ஏழாம் வருஷம் பிறந்துவிட்டது. கொஞ்சம் வெள்ளி சேர்த்திருக்கிறேன். கொடுத்து மீட்கலாமா?

பதில்: மாமியார் வாயை விடுங்கள், உங்கள் மரியாதையையும் விடுங்கள். ஊர்வாசலில் வழக்குத் தீர்க்கும் மூப்பர்கள் அதற்காக உட்காரவில்லை. ஏழாம் வருஷத்தையும் நம்ப வேண்டாம். எபிரெயப் பெண்ணுக்கும் அப்போது விடுதலை என்று மோசேயின் சட்டநூல்களில் உபாகமம் 15ஐ நீங்கள் காட்டினால், விற்கப்பட்ட மகள் ஆண் அடிமைகளைப் போலப் போகமாட்டாள் என்று அதே சட்டநூல்களில் யாத்திராகமம் 21ஐ எஜமான் வீட்டார் காட்டுவார்கள். மகனுக்கென்று நியமித்தபின் அவள் அந்த வீட்டு மகளுக்குச் சமம்.

கேட்க வேண்டியது ஒன்றுதான்: இரண்டாமவள் வந்தபின் உங்கள் மகளுக்குச் சாப்பாடு, துணி, தாம்பத்திய உரிமை மூன்றில் எது குறைந்தது? குறைந்திருந்தால் காசில்லாமலே வெளியேறலாம். அந்த விதி எஜமானுக்கு மட்டுமே, மகனுக்கு இல்லை என்பார்கள். இருவருக்கும் பொருந்தும் என்றே நான் வாதாடுவேன்.

அப்பாக்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவசரத்தில் வெள்ளியை நீட்டிவிடுகிறார்கள். நீட்டியதுமே அது மீட்பு ஆகிவிடும். குறை எதுவும் இல்லை, பெண்ணைப் பிரிய மனமில்லாமல் அப்பாவே விலை பேசினார் என்று எஜமான் சொல்வார். அப்புறம் விலை ஏறும், மூன்று உரிமைகளின் பேச்சே எழாது. மகளை ராத்திரியோடு ராத்திரியாகக் கூட்டி வருவது அதைவிட மோசம். புருஷன் வீட்டை விட்டு ஓடிவந்தவள் என்று வழக்கே திரும்பிவிடும். அந்நியருக்கு விற்றுவிடுவேன் என்று மிரட்டினால் மட்டும் பயப்படாதீர்கள். அந்த அதிகாரம் அவருக்குக் கிடையாது.

முதலில் சாட்சி தேடுங்கள். தானியம் அளந்து போட்டவள், துணி நெய்து கொடுத்தவள் யாராவது பேசுவார்களா? மூன்றாவது உரிமைக்குச் சாட்சி கிடைப்பது கஷ்டம், அதை முன்னால் வைக்காதீர்கள்.

வழக்குக்கு முன்பே எஜமான் ‘போகட்டும்’ என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆட்டு மந்தையிலும் களத்திலும் பங்கு வேண்டுமென்று இழுக்காதீர்கள். ஆனால் ரூத்தை மணக்கும் முன் போவாஸ் செய்ததுபோல் ஊர்வாசலில் பத்து மூப்பரை உட்காரவைத்து, அவர்கள் காதில் விழச் சொல்ல வையுங்கள். யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியா காலத்தில் உடன்படிக்கை செய்து அனுப்பிவிட்ட அடிமைகளையே எருசலேம் பெரியவர்கள் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். வெறும் வாய்ப்பேச்சை நம்பி மகளைக் கூட்டிப் போகாதீர்கள்.