17 கேள்விகளில் காய்ச்சல் இல்லை

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகிறது. 3 நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவியிருக்கிறது, ஸ்டேஜ் 3 என்றார்கள். அடுத்த வாரம் கீமோ. முடி கொட்டுமா, பயாப்சி எடுத்ததால்தான் பரவியதா, சர்க்கரையை நிறுத்தணுமா, இணையத்தில் சொல்லும் மூலிகை கேப்ஸ்யூல் கொடுக்கலாமா என்று மொத்தம் 17 கேள்விகள் அனுப்பியிருக்கிறேன். டாக்டர் "சந்தேகம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டபோது ஒன்றும் இல்லை என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். அவர் பிழைப்பாரா என்று டாக்டரிடம் எப்படிக் கேட்பது?

மருத்துவர் பதில்:

கடைசி வரியைக் கேட்கத் தைரியம் வராமல் மற்ற 17ஐயும் எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதையே பேசிவிடுவோம்.

"பிழைப்பாரா?" என்று கேட்டால் "தைரியமா இருங்க" என்றுதான் பதில் வரும். நானும் அதைத்தான் சொல்வேன். ஒரு தனி ஆளைப் பற்றி அதற்கு மேல் யாராலும் உறுதி சொல்ல முடியாது. கேள்வியை இப்படி மாற்றிக் கேளுங்கள்: "இந்தக் கீமோ நோயைக் குணமாக்கவா, கட்டுக்குள் வைக்கவா?" இதில் டாக்டர் நழுவ முடியாது. ஸ்டேஜ் 3 என்றால் நிணநீர் முடிச்சு வரை வந்த நோய் கல்லீரல், நுரையீரல் என்று தூரத்து உறுப்புகளுக்குப் போகவில்லை என்று பொருள். கட்டியை எடுத்த பிறகு கொடுக்கும் கீமோ பொதுவாகக் குணமாக்கும் நோக்கில்தான், ஸ்கேனுக்கும் தெரியாமல் எங்காவது தங்கியிருக்கக்கூடிய செல்களை அழிக்க. இதை உங்கள் டாக்டர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், "கீமோ போட்டால் 100 பேரில் எத்தனை பேருக்கு நோய் திரும்பும், போடாவிட்டால் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள். சதவீதத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பேச்சுக்கு, 100 பேரில் 40 பேருக்குத் திரும்பும் நோய் 28 பேராகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 30 சதவீதம் குறைகிறது என்றும் சொல்லலாம், 100க்கு 12 பேர் தப்பிக்கிறார்கள் என்றும் சொல்லலாம். இரண்டும் சரி, முடிவெடுக்க உதவுவது இரண்டாவதுதான். கீமோ 3 மாதமா, 6 மாதமா என்பதையும் கேளுங்கள். சிலருக்கு 3 மாதமே போதும். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுப்பதாக இருந்தால், விரல் நுனி மரத்துப்போவது டோஸ் கூடக் கூட அதிகமாகும். அதனால் காலக்கணக்கு சின்ன விஷயமில்லை.

இணையத்தில் 'சராசரி ஆயுள்' தேடுவதை இன்றோடு விடுங்கள். ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானிக்கு 1982ல் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. அந்த நோய்க்கு அப்போது எழுதியிருந்த நடு அளவு 8 மாதம். நடு அளவு என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டி இருப்பார்கள் என்றுதானே பொருள் என்று அவர் கணக்குப் போட்டார். 2002 வரை இருந்தார்.

மற்றவை: பெருங்குடல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகளில் முடி மெலியும், பெரும்பாலும் மொட்டையாகாது. பயாப்சியால் பரவவில்லை. சர்க்கரையை நிறுத்திப் புற்றுநோயைப் பட்டினி போட முடியாது, இளைத்துப்போவதுதான் மிச்சம். கேப்ஸ்யூல் வேண்டாம். அதில் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது, அது கீமோ மருந்தோடு மோதினால் யார் பொறுப்பு?

உங்கள் 17 கேள்விகளில் காய்ச்சல் இல்லை. எனக்கு அதுதான் கவலை. கீமோ போட்டு ஏறத்தாழ 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். சீழ் பிடிப்பதும் சிவந்து வீங்குவதும் வெள்ளணுக்களின் வேலை. அவை இல்லாதபோது ரத்தத்தில் கிருமி ஏறியதற்குப் பல நேரம் காய்ச்சல் மட்டுமே அடையாளமாக இருக்கும். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டாலோ, காய்ச்சலே இல்லாமல் உடம்பு உதறினாலோ, நடு ராத்திரியானாலும் கிளம்புங்கள். பாராசிட்டமால் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். மாத்திரை தெர்மாமீட்டரைத்தான் ஏமாற்றும். ராத்திரி பத்து மணிக்கு மாத்திரை போட்டு "காலையில பார்த்துக்கலாம்" என்று தூங்கியவர்கள், விடியும்போது ரத்த அழுத்தம் பிடிபடாத நிலையில் வந்து சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அவசரப் பிரிவில் போய் நின்றதும் முதல் வாக்கியமே "கீமோ போட்டவர், காய்ச்சல்" என்று இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். அதனால் டாக்டரிடம் மறக்காமல் கேட்க வேண்டியது: "ராத்திரி காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?"

இன்னொன்று. கடிதம் முழுக்க நீங்கள்தான் பேசுகிறீர்கள். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள உங்கள் கணவருக்கு விருப்பமா? சிலர் எண்களைக் கேட்க விரும்புவதில்லை, அது அவர்கள் உரிமை. வீட்டிலேயே கேட்டுவிடுங்கள். பிறகு நாலே கேள்வியை ஒரு தாளில் பெரிதாக எழுதி, உள்ளே போய் உட்கார்ந்ததும் மேஜை மேல் வையுங்கள். பாதி எழுந்தபடியே "சந்தேகம் இருக்கா?" என்று கேட்கும் பழக்கம் எனக்கும் உண்டு. தாளைப் பார்த்தால் மறுபடி உட்கார்ந்துவிடுவேன்.