தென்னை நிழலில் சணப்பு தேறுமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பு. ஒரு பாதி 12 வயது மரங்கள், அடர்ந்த நிழல். மறுபாதி பழைய மரங்கள், நடுவே நல்ல வெயில். இரண்டிலும் ஒரே நாளில் பசுந்தாள் உரத்துக்காகச் சணப்பு விதைத்தோம். வெயிலில் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, நிழலில் மெலிந்து நிற்கிறது. நிழல் பாதியில் மண்ணுக்குச் சத்து சேருமா? யூரியாவைக் குறைக்கலாமா?

பதில்: வெயில் பாதியில் கொஞ்சம் குறைக்கலாம். நிழல் பாதியில் வேண்டாம்.

சணப்பின் வேர்முடிச்சில் இருக்கும் பாக்டீரியா தழைச்சத்தை (நைட்ரஜனை) இலவசமாகத் தருவதில்லை. இலையில் தயாராகும் சர்க்கரை வேருக்கு இறங்கினால்தான் அது காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும். நிழலில் அந்தச் சர்க்கரைக்கே பஞ்சம். நீங்களே பார்த்துவிடலாம்: விதைத்து ஒரு மாதம் கழித்து, மண் ஈரமாக இருக்கும்போது இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியை மண்வெட்டியால் வேரோடு பெயர்த்து, முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. பச்சையாகவோ வெளிறியோ இருந்தால் இல்லை. அப்புறம், யூரியா போட்ட பாத்தியில் முடிச்சு குறைவாகத்தான் இருக்கும். மண்ணிலேயே கிடைக்கிறபோது செடி ஏன் மெனக்கெடப் போகிறது!

வெயில் பாதியிலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னையின் சத்து உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி 2 மீட்டருக்குள் இருக்கிறது. நட்டநடு இடைவெளியில் சணப்பை மடக்கி உழுதால் அது சீக்கிரம் மட்கிவிடும். அடுத்து வரும் பெருமழையில், அதுவும் செம்மண்ணில், சத்து கீழே இறங்கிப் போய்விடும். அதனால் பூ எடுக்கும் தருணத்தில் அறுத்து மரத்தைச் சுற்றியுள்ள வட்டப்பாத்தியில் போட்டு மண் அணையுங்கள். மிச்சத்தை நிழல் பாதி மரங்களுக்கும் கொண்டுபோகலாம். தண்டு முற்றவிட்டால், மட்கும்போது மண்ணிலுள்ள தழைச்சத்தையே கொஞ்ச நாள் இழுத்துக்கொள்ளும்.

கணக்கு இதுதான். ஒரு மரத்துக்கு 25 கிலோ பச்சைத்தழை போட்டால் அதில் தோராயமாக 100 முதல் 125 கிராம் தழைச்சத்து இருக்கும், கால் கிலோ யூரியாவுக்குச் சமம். ஆண்டுக்கு ஒரு மரத்துக்குப் பரிந்துரைக்கப்படும் 1.3 கிலோ யூரியாவில் அவ்வளவுதான் குறைக்கலாம். சாம்பல்சத்து தரும் 2 கிலோ பொட்டாஷில் கை வைக்காதீர்கள். சணப்பு சாம்பல்சத்தை உண்டாக்காது, மண்ணில் இருப்பதைத்தான் எடுத்துத் திருப்பித் தரும்.

நிழல் பாதிக்குச் சணப்பை விட்டுவிட்டுக் கலப்பகோணியம் என்ற மூடுபயிர்க் கொடியைப் போடுங்கள், ஓரளவு நிழல் தாங்கும். அதுவும் எந்த நிழலிலும் வரும் என்று நினைக்க வேண்டாம். ரப்பர் தோட்டங்களில் மரங்களின் கிளைகள் கூடி நிழல் அடர்ந்ததும் பியூரேரியா போன்ற மூடுபயிர்க் கொடிகளே அடங்கிப்போகின்றன. கலப்பகோணியமும் தேறவில்லை என்றால் விழுந்த மட்டையையும் உரிமட்டையையும் மூடாக்காகப் பரப்புங்கள். மட்டையில் நிறைய சாம்பல்சத்து உண்டு, எரிப்பது வீண்.

எதை விதைத்தாலும் மழையோடு விதையுங்கள். மாசி, பங்குனியில் விதைத்தால் மரத்துக்கான தண்ணீரை அது குடித்துவிடும்.